முதுகெலும்புக்குச் சிமென்ட்: சந்தேகங்களும் விளக்கங்களும்

“உங்கள் அம்மாவுக்கு முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது, ஊசி வழியாகச் சிமென்ட் செலுத்திச் சரிசெய்யலாம்” என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. முதுகில் கத்தி பட்டால் படுத்த படுக்கைதான் என்பது ஒரு கட்சி. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம், ஊசிதானே, உடனே போட்டுவிடுவோம் என்பது இன்னொன்று. இரண்டுமே அவசர முடிவுகள். இந்தச் சிகிச்சை சிலருக்குப் பெரும் ஆறுதல். பலருக்குத் தேவையே இல்லை. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

அம்மா கீழே விழவே இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார், அவ்வளவுதான். அதற்கா எலும்பு உடையும்?

உடையும். எலும்புப்புரை வந்தவர்களுக்குப் பலமாக அடிபட வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஒவ்வொரு முள்ளெலும்பின் உட்பகுதியும் மெல்லிய எலும்பு இழைகள் குறுக்கும் நெடுக்கும் பின்னியதுதான். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது; இழைகள் மெலிந்து ஒவ்வொன்றாக அறுபடுகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. குனிந்து எடை தூக்கும்போது பாரம் முழுவதும் முள்ளெலும்பின் முன்பகுதியில் இறங்க, அது தாங்காமல் நசுங்கிவிடுகிறது. பலமாக இருமியதில்கூட நசுங்குவதுண்டு. நம் ஊரில் வழக்கமான இன்னொரு காரணம் பஸ்ஸின் கடைசி இருக்கை. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது உட்கார்ந்திருப்பவர் எழும்பித் தொப்பென்று விழுகிறார். அந்த நொடியிலேயே முதுகில் ‘சுருக்’கென்றது என்று பலர் துல்லியமாகச் சொல்வார்கள்.

பெரும்பாலும் நசுங்குவது மார்பு முதுகும் இடுப்பு முதுகும் சேரும் இடத்தில் இருக்கும் டி12, எல்1 எலும்புகள். வலியின் குணத்தைக் கவனியுங்கள். அசையாமல் படுத்திருந்தால் அடங்கும். புரண்டு படுக்கும்போதும் படுக்கையை விட்டு எழும்போதும் உயிர் போகும். விலாவைச் சுற்றி முன்பக்கம் வரை பரவுவதால் வாயு, மூச்சுப்பிடிப்பு என்று நினைத்துக் கஷாயம் குடித்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். இந்த முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மருத்துவரின் கவனத்துக்கே வருவதில்லை. பல வருடமாக அளவாகக் கட்டிய சேலை இப்போது தரையில் இழுபடுகிறது என்று ஒரு பாட்டி சொன்னால், உயரம் குறைந்திருக்கிறது, முன்பே எங்கோ ஓர் எலும்பு நசுங்கியிருக்கலாம் என்று பொருள்.

ஆண்களுக்கும் வரும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு இளவயதிலேயே வரும். பெயர் எழுதாத பொட்டலத்தில் தரப்படும் ‘உடனடி வலி நிவாரண’ மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிய செய்தி அல்ல. அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். 60 வயதைத் தாண்டியவருக்குத் திடீரென்று முதுகுவலி வந்தால் தைலம் போட்டு அழுத்தி உருவுவதும், பேரனை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும், முதுகில் சொடக்கு எடுப்பதும் கூடவே கூடாது. முதலில் ஓர் எக்ஸ்-ரே.

எக்ஸ்-ரேயில்தான் தெரிந்துவிட்டதே, எம்.ஆர்.ஐ. எதற்கு? பணம் பிடுங்கவா?

இந்த விஷயத்தில் எம்.ஆர்.ஐ. வீண்செலவு இல்லை. எலும்பு நசுங்கியிருப்பதை எக்ஸ்-ரே காட்டும்; எப்போது நசுங்கியது என்பதைச் சொல்லாது. ஐந்து வருடத்துக்கு முன்பு நசுங்கித் தானாகவே ஆறிப்போன எலும்பும் போன வாரம் நசுங்கிய எலும்பும் எக்ஸ்-ரேயில் ஒன்றாகவே தெரியும். எம்.ஆர்.ஐ.யில் ‘ஸ்டிர்’ என்றொரு பட வகை உண்டு. புதிய முறிவு என்றால் எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்து அந்தப் படத்தில் வெள்ளையாக ஒளிரும். பழையது ஒளிராது. ஆறிப்போன எலும்புக்குள் சிமென்ட் செலுத்துவதால் ஒரு பயனும் இல்லை, ஆபத்து மட்டும் மிச்சம். மூன்று எலும்புகள் நசுங்கியிருந்து அவற்றில் ஒன்றுதான் புதியது என்றால், சிகிச்சை அந்த ஒன்றுக்கு மட்டுமே. மருத்துவர் முதுகில் விரலால் தட்டிப் பார்க்கும்போது வலிக்கும் இடமும் படத்தில் ஒளிரும் இடமும் ஒத்துப்போக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாத பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு சி.டி. ஸ்கேனும் எலும்பு ஐசோடோப் ஸ்கேனும் சேர்த்து எடுத்துத் தெரிந்துகொள்ளலாம்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நசுங்கிய எலும்பெல்லாம் எலும்புப்புரையால் நசுங்கியது என்று நம் நாட்டில் முடிவுகட்ட முடியாது. முதுகெலும்புக் காசநோய் இங்கே இன்னும் சாதாரணமாகவே வருகிறது. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் போன்ற இடங்களிலிருந்து புற்றுநோய் பரவியும் எலும்பு நசுங்கும். ‘மல்டிப்பிள் மைலோமா’ என்ற ரத்தப் புற்றுநோயின் முதல் அறிகுறியே முதுகெலும்பு முறிவாக இருக்கலாம். மாலையில் காய்ச்சல், உடல் மெலிவு, இரவிலும் படுத்தபடியே விடாத வலி, ரத்தசோகை ஆகியவை இருந்தால் எலும்புப்புரை என்று ஒதுக்கிவிடாமல் தேடிப் பார்க்க வேண்டும். காசநோயோ வேறு கிருமித்தொற்றோ இருக்கும் எலும்பில் சிமென்ட் செலுத்துவது பெரும் தவறு. சந்தேகம் இருந்தால் முதலில் ஊசியால் ஒரு துணுக்கு எலும்பை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை பொறுக்க வேண்டும்.

அப்படியானால் புதிய முறிவு என்று தெரிந்ததும் சிமென்ட் வைத்துவிட வேண்டியதுதானா?

இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் எலும்பு தானாகவே ஆறி வலி அடங்கிவிடும். அந்த வாரங்களை ஓட்டுவதற்குத்தான் உதவி தேவை. பாராசிட்டமாலில் தொடங்கி, போதாவிட்டால் மருத்துவர் சற்று வலுவான மருந்து தருவார். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். வயதானவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் அவை பதம் பார்த்துவிடும். டிரமடால் வகை மருந்து கொடுத்தால் மலச்சிக்கலுக்கும் சேர்த்தே மருந்து தேவை. முக்கி முக்கி மலம் கழித்தாலும் முதுகு கதறும். இடுப்பு பெல்ட் சில வாரங்களுக்கு உதவும். ஆறு மாதம் கட்டினால் முதுகுத் தசை சோம்பிவிடும்.

நம் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு, ‘எலும்பு உடைந்திருக்கிறது, அசையவே கூடாது’ என்று படுக்க வைத்துவிடுவது. படுத்தே இருந்தால் இருக்கும் எலும்பும் வேகமாகக் கரையும். தசை வற்றும், சளி கட்டி நிமோனியா வரும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும், படுக்கைப்புண் வரும். முறிவால் போகாத உயிர் இவற்றால் போவதுண்டு. வலி தாங்கும் அளவுக்கு, பிடித்துக்கொண்டாவது, கழிப்பறை வரை நடக்க வைக்க வேண்டும்.

அந்த அளவுகூட எழ முடியவில்லை, போதிய வலி மருந்து கொடுத்தும் புரண்டு படுக்க முடியவில்லை, அல்லது அந்த மருந்தாலேயே தலைசுற்றலும் குழப்பமும் வந்து சாப்பிடக்கூட முடியவில்லை, எம்.ஆர்.ஐ.யிலும் முறிவு புதியது என்று உறுதியாகிவிட்டது: இப்படிப்பட்டவருக்குத்தான் சிமென்ட் சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். நாளுக்கு நாள் வலி குறைந்துவருகிறவர், எவ்வளவு நசுங்கியிருந்தாலும், காத்திருக்கலாம்.

இன்னொரு வகையினரும் உண்டு. சிலருக்கு நசுங்கிய எலும்பு ஒட்டாமலே இருந்து, உள்ளே வெற்றிடம் உண்டாகி, நாளாக ஆக வலி கூடிக்கொண்டே போகும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹெர்மன் கியூமல் 1890களில் விவரித்ததால் இதற்கு அவர் பெயரே வழங்குகிறது. மாதக்கணக்கில் ஆனாலும் இவர்களுக்குச் சிமென்ட் சிகிச்சையை யோசிக்க இடமுண்டு.

சிமென்ட் என்றால் என்ன? உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா? என்னதான் செய்கிறார்கள்?

கட்டடச் சிமென்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ‘பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்’ என்ற பிளாஸ்டிக் வகைப் பொருள். இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்துவதற்கு 1950களின் இறுதியிலிருந்தே இதைப் பயன்படுத்தினார். உலகம் முழுவதும் லட்சக்கணக்கான மூட்டு மாற்றுச் சிகிச்சைகளில் பழகிய பொருள்தான். முதுகெலும்பில் முதலில் செலுத்தியவர்கள் பிரான்சின் ஆமியான் நகரத்து மருத்துவர்கள் பியர் கலிபேரும் ஹெர்வே தெராமோனும். ஆண்டு 1984. அந்த முதல் நோயாளிக்கு இருந்தது எலும்புப்புரை இல்லை. கழுத்தெலும்பை அரித்துக்கொண்டிருந்த ஒரு ரத்தக்குழாய்க் கட்டி. வலி நின்றது. அங்கிருந்துதான் ‘வெர்ட்டிப்ரோபிளாஸ்டி’ என்ற இந்தச் சிகிச்சை எலும்புப்புரை முறிவுகளுக்கும் பரவியது.

சிகிச்சை மேசையில் நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பார்கள். பலருக்கு முழு மயக்கம் தேவைப்படாது. அரைத்தூக்கமும், அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசியும் போதும். குப்புறப் படுப்பதுதான் நோயாளிக்குக் கடினமான கட்டம். மார்புக்கும் இடுப்புக்கும் கீழே தலையணைகள் வைப்பார்கள். ‘சி-ஆர்ம்’ என்ற எக்ஸ்-ரே கருவி மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் காட்டிக்கொண்டே இருக்கும். தோலில் சில மில்லிமீட்டருக்கு ஒரு கீறல். அதன் வழியே 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி, ‘பெடிக்கிள்’ எனப்படும் குறுகிய எலும்புக் காம்பின் வழியாக முள்ளெலும்பின் உடற்பகுதிக்குள் செல்கிறது. காம்பின் உட்பக்கத்தில் தண்டுவடம், கீழ்ப்பக்கத்தில் நரம்பு. சில மில்லிமீட்டர் விலகினாலும் ஆபத்து. அதனால் ஊசியை ஒவ்வொரு முறை சிறு சுத்தியலால் தட்டிய பிறகும் திரையைப் பார்த்துத்தான் அடுத்த தட்டு.

ஊசி சரியான இடத்துக்குப் போன பிறகே சிமென்ட் கலக்குவார்கள். தூளும் திரவமும் சேர்ந்ததும் அறை முழுவதும் நெடி பரவும். எக்ஸ்-ரேயில் தெரிவதற்காகத் தூளில் பேரியம் சேர்த்திருக்கும். தண்ணீராக இருக்கும்போது செலுத்தினால் விரிசல்கள் வழியே ஓடிவிடும். பற்பசைப் பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு துளித்துளியாகச் செலுத்த வேண்டும். ஓர் எலும்புக்கு 3 முதல் 6 மில்லி வரை ஆகும். திரையில் கறுப்பாகப் படரும் சிமென்ட் எலும்பின் பின்சுவரை நெருங்கிவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் நிரப்பலாமே என்ற ஆசை இந்த இடத்தில் ஆகாது. அனுபவமுள்ள மருத்துவரை இந்த இடத்தில்தான் அடையாளம் காணலாம். பத்திருபது நிமிடங்களில் சிமென்ட் கெட்டியாகிவிடும். ஓர் எலும்புக்கு மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், தையல்கூடத் தேவைப்படாது. ஓரிரண்டு மணி நேரம் மல்லாந்து படுத்திருந்து, பிறகு எழுந்து நடக்கலாம். அன்றோ மறுநாளோ வீடு.

பலூன் முறைதான் நவீனமானது, அதையே செய்துகொள்ளுங்கள் என்கிறார்கள். செலவு பல மடங்கு. அவசியமா?

அமெரிக்காவில் 1990களின் இறுதியில் வந்த ‘கைஃபோபிளாஸ்டி’ முறை இது. ஊசி வழியே ஒரு சிறு பலூனை முள்ளெலும்புக்குள் அனுப்பி ஊத வைத்து, நசுங்கிய எலும்பைத் தூக்கி, உண்டான குழிக்குள் கெட்டியான சிமென்டைக் குறைந்த அழுத்தத்தில் நிரப்புவார்கள். சிமென்ட் வெளியே கசிவது இதில் குறைவு. சமீபத்தில் நசுங்கிய எலும்பில் உயரமும் ஓரளவு மீளும். ஆனால் பலூனைச் சுருக்கியதும் மீண்ட உயரத்தில் ஒரு பகுதி திரும்பவும் இறங்கிவிடும். ‘கூன் முழுவதும் நிமிர்ந்துவிடும்’ என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலி குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எலும்பின் பின்சுவரிலும் விரிசல் இருந்து கசிவுக்கு வாய்ப்பு அதிகம் என்றாலோ, முறிவு புதியதாக இருந்து அதிகமாக நசுங்கிக் கூன் விழுந்திருந்தாலோ பலூனுக்குச் செலவழிப்பதில் நியாயம் உண்டு. மற்றவர்கள் அதற்காக நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

இந்தச் சிகிச்சையால் பலனே இல்லை என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்லிவிட்டதாகப் படித்தேன். உண்மையா?

நியாயமான கேள்வி. இதை மருத்துவர்கள் நோயாளிகளிடம் மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2009-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழின் ஒரே பதிப்பில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஆஸ்திரேலியாவில் ரேச்சல் புக்பைண்டர் குழு 78 பேரிடம் செய்தது ஒன்று. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டேவிட் கால்ம்ஸ் தலைமையில் 131 பேரிடம் நடந்தது மற்றொன்று. இரண்டிலும் பாதிப் பேருக்கு உண்மையான சிகிச்சை, மீதிப் பேருக்குப் பாவனைச் சிகிச்சை. பாவனை என்றால் பெயருக்கு அல்ல. அதே அறை, அதே மேசை, மரத்துப்போகும் ஊசி, முதுகில் அழுத்தம். சிமென்டின் நெடியும் நோயாளிக்கு எட்டும்படி செய்தார்கள். எலும்புக்குள் சிமென்ட் மட்டும் போகவில்லை. பிறகு கணக்குப் பார்த்தால் இரண்டு தரப்பாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வலி குறைந்திருந்தது.

மருத்துவ உலகம் ஆடிப்போனது. அதுவரை ஆயிரக்கணக்கான நோயாளிகள் ‘போட்டதும் வலி போய்விட்டது’ என்று சொன்னது பொய்யா? பொய்யில்லை, வலி குறைந்தது. ஆனால் அதில் எவ்வளவு சிமென்டால், எவ்வளவு மரத்துப்போகும் ஊசியால், எவ்வளவு நம்பிக்கையால், எவ்வளவு எலும்பு தானாகவே ஆறியதால் என்பதுதான் கேள்வி. இந்த ஆய்வுகளைக் குறை சொன்னவர்களிடமும் வாதம் இருந்தது. ஓராண்டு வரை பழகிய முறிவுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் பல எலும்புகள் ஆறியிருக்கும் அல்லவா என்று கேட்டார்கள்.

2010-இல் நெதர்லாந்தில் 202 பேரிடம் நடந்த ‘வெர்ட்டோஸ் 2’ ஆய்வு, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடச் சிமென்ட் வைத்தவர்களுக்கு வலி அதிகம் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் அதில் யாருக்கு என்ன சிகிச்சை என்பது எல்லோருக்கும் தெரியும். 2016-இல் ஆஸ்திரேலியாவின் ‘வேப்பர்’ ஆய்வு, ஆறு வாரத்துக்குள் ஏற்பட்ட முறிவும் பத்துக்கு ஏழுக்குக் குறையாத வலியும் உள்ள 120 பேரை எடுத்துக்கொண்டு, பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்டது. பதினான்காவது நாளில் வலி நான்குக்குக் கீழே இறங்கியவர்கள், சிமென்ட் வைத்தவர்களில் 44 விழுக்காடு, பாவனைத் தரப்பில் 21 விழுக்காடு. இரண்டு வருடம் கழித்து, 2018-இல், நெதர்லாந்தின் ‘வெர்ட்டோஸ் 4’ ஆய்வு 180 பேரிடம் பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. அதே ஆண்டு ‘காக்ரேன்’ தொகுப்பாய்வும் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, இதை வழக்கமான சிகிச்சையாகச் செய்ய ஆதாரம் போதாது என்று முடித்தது. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2013-இல் வேறு விதமாகச் சொல்லியிருந்தது: சமீபத்திய முறிவு, நல்ல வலி மருந்துக்கும் அடங்காத கடும் வலி, வலி அந்த எலும்பிலிருந்துதான் வருகிறது என்ற உறுதி ஆகியவை இருந்தால் செய்யலாம்.

இதையெல்லாம் படித்த பிறகு என் நிலை இதுதான். எலும்பு நசுங்கிய எல்லோருக்கும் வரிசையாகச் சிமென்ட் வைப்பதை இந்த ஆதாரங்கள் அனுமதிக்கவில்லை. முதல் சில வாரங்களில் வலியால் படுக்கையோடு கட்டுண்டு, மருந்தும் ஏறாமல், நிமோனியாவின் வாசலில் இருக்கும் ஒரு மூதாட்டிக்கு மறுக்கவும் இந்த ஆதாரங்கள் போதாது. இந்த இரண்டாவது வகையினர் எண்ணிக்கையில் குறைவு. உங்கள் அம்மா எந்த வகை என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். ‘மேலும் இரண்டு வாரம் மருந்தோடு பார்த்தால் என்ன ஆகும்?’ என்ற ஒரு கேள்விக்கு அவர் தரும் பதிலிலேயே பாதி விளங்கிவிடும்.

என்ன ஆபத்துகள் வரலாம்? சர்க்கரையும் இதய நோயும் இருந்தால் செய்யலாமா?

முதல் ஆபத்து கசிவு. பின்னர் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பலருக்கும் சிறிதளவு சிமென்ட் எலும்புக்கு வெளியே கசிந்திருப்பது தெரியும். பெரும்பாலும் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. அபூர்வமாகத் தண்டுவடப் பக்கம் கசிந்தால் கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு என்று நிலைமை மோசமாகி, அவசரமாகத் திறந்த அறுவை சிகிச்சை செய்ய நேரும். சிரைகள் வழியே நுரையீரலுக்குப் போவதும் உண்டு. கிருமித்தொற்று அரிது. இந்தக் கசிவு ஆபத்தால்தான் திறந்த அறுவை சிகிச்சைக்கும் வசதியுள்ள மருத்துவமனையில் இதைச் செய்துகொள்ள வேண்டும் என்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, புதிதாகக் கால் மரத்தல், சிறுநீர் போகாமை, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

வயதும் சர்க்கரையும் தடையல்ல. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றைத் தாமாகவே நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் முதுகெலும்பு மருத்துவரும் கலந்து முடிவுசெய்வார்கள்.

அப்பாவுக்கு முறிவோடு கால்களும் செயலிழந்துவருகின்றன. சிமென்ட் போதுமா?

போதாது. நசுங்கிய எலும்புத் துண்டு பின்னால் தள்ளித் தண்டுவடத்தை அழுத்துகிறது என்று பொருள். இது அவசரம். அழுத்தத்தை எடுத்துவிட்டு, திருகாணிகளும் கம்பிகளும் கொண்டு முதுகெலும்பை நிலைநிறுத்த வேண்டும். இப்போது திருகாணிகளையும் சிறு துளைகள் வழியே பொருத்துகிறார்கள். புரையோடிய எலும்பில் திருகாணி பிடிக்காமல் பிடுங்கிக்கொள்ளும் என்பதால், அதைச் சுற்றிச் சிமென்ட் செலுத்திப் பிடிப்பைக் கூட்டுவதும் உண்டு.

ஒரு எலும்பில் சிமென்ட் வைத்தால் பக்கத்து எலும்பு உடைந்துவிடுமாமே?

உடைவது உண்மை. காரணம் சிமென்டா என்பதில்தான் விவாதம். எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுக்குள் சிமென்ட் கசிந்தால் பக்கத்து எலும்புக்கு ஆபத்து கூடும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சிமென்டே வைக்காதவர்களின் கதையைப் பாருங்கள். ஒரு முள்ளெலும்பு நசுங்கிய பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரே வருடத்துக்குள் அடுத்ததும் நசுங்குகிறது என்று 2001-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. நோய் ஓர் எலும்பில் மட்டுமா இருக்கிறது? உடம்பு முழுவதும் இருக்கிறது. இடுப்பு எலும்பிலும் இருக்கிறது.

என்னை மிகவும் வருத்தும் விஷயம் இதுதான். நசுங்கிய ஓர் எலும்புக்குக் கடன் வாங்கிச் சிகிச்சை செய்துவிட்டு, மீதி எலும்புகளைக் காப்பாற்றும் மருந்து ஒன்றுகூட இல்லாமல் வீட்டுக்கு வருகிறவர்கள் அநேகம். கையில் ஒரு கால்சியம் மாத்திரை அட்டை இருக்கும். முறிவு ஏற்பட்ட பிறகு கால்சியமும் வைட்டமின் டி-யும் மட்டும் போதாது. அவை அடிப்படைத் தேவை, சிகிச்சை வேறு.

அலென்ட்ரோனேட் மாத்திரை வாரம் ஒன்று. காலை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். காபியும் அதுவரை கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். இதைப் பின்பற்ற முடியாதவர்களுக்கு ஜோலெட்ரானிக் அமிலம், வருடம் ஒரு முறை சொட்டு மருந்தாக ஏற்றுவது. முதல் முறை இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம், பயப்பட வேண்டாம். சிறுநீரகத்தைப் பரிசோதித்த பிறகே போட வேண்டும். 2007-இல் வெளியான ஆய்வில், இந்த ஊசி மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவுகளை 70 விழுக்காடு குறைத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு மட்டும் தனி எச்சரிக்கை: நடுவில் விட்டுவிட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் நசுங்கலாம். ‘வலி இல்லை, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்’ என்று அதைத் தள்ளிப்போடவே கூடாது. எலும்பு மிகவும் நொய்ந்தவர்களுக்கு, புது எலும்பை வளர்க்கும் டெரிபாரடைட் ஊசியைத் தினமும், வழக்கமாக இரண்டு வருடம் வரை, போடுவார்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அலென்ட்ரோனேட், ஜோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் ஆகியவற்றைத் தொடங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது; தாடை எலும்பு பாதிப்பு மிக அரிதாக வருவதுண்டு.

உணவில் என்ன சேர்க்கலாம்?

கேழ்வரகு, எள், தயிர், முள்ளோடு சாப்பிடும் சிறு மீன்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நாள் ஒன்றுக்குத் தேவை சுமார் 1,000 முதல் 1,200. பருப்பு, முட்டை என்று புரதமும் வேண்டும். வயதானவர்கள் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்வது எலும்புக்கும் தசைக்கும் ஆகாது. வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தாலும் வைட்டமின் டி குறைவாக இருக்கலாம், பரிசோதித்துப் பாருங்கள்.

காப்பீட்டில் கிடைக்குமா?

திட்டத்துக்குத் திட்டம் பட்டியல் மாறும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோ தனியார் பாலிசியோ எதுவாக இருந்தாலும், எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், சேரும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சிமென்டுக்கும் பலூன் கருவிக்கும் தனியாகக் கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு பழையபடி வீட்டு வேலை செய்யலாமா?

நடப்பது நல்லது, அன்றே தொடங்கலாம். குனிந்து பெருக்குவது, தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்குவது, குடம் தூக்குவது, மாவு அரைக்கும் கிரைண்டர் கல்லைத் தூக்குவது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். நீண்ட கைப்பிடித் துடைப்பம் வாங்கிக் கொடுங்கள். முன்னால் குனியும் ஆசனங்களும் வேண்டாம். முதுகை நிமிர்த்தும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். குளியலறை ஈரத்துக்கு ரப்பர் விரிப்பு, சுவரில் ஒரு கைப்பிடி, இரவில் ஒரு சின்ன விளக்கு, கண்புரை இருந்தால் அதற்குச் சிகிச்சை, தூக்க மாத்திரையைக் குறைப்பது. அடுத்த முறிவைத் தடுப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டை அங்கேயே நின்று படியுங்கள். எலும்புப்புரைக்கான மருந்தின் பெயர், அடுத்த வேளை எந்தத் தேதி, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எப்போது என்ற மூன்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.